ஆறட்டும், அவசரம் வேண்டாம்!

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமனார் என்னிடம் பெருமையாகக் காட்டிய முதல் சொத்து, அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்தான். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. 1962-இல் சீமையில் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரே இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கிக் கட்டியதுதான் என்பார். அவர் இப்போது இல்லை, வண்டி இருக்கிறது.

சென்ற சித்திரையில் கள்ளக்குறிச்சி நாத்தனார் வீட்டிலிருந்து கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். கச்சிராயபாளையம் வரை வெகு சுகம். மலையேறி, வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு வளைவில் நிறுத்திக் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்தோம். பத்தே நிமிஷம்! பிறகு 'கர்... கர்...' என்றதே தவிர, கிளம்பவில்லை. இவர் விடாமல் சாவியைத் திருப்ப, பாட்டரியும் முனக ஆரம்பித்தது. "ஊருக்குப் போனதும் முதல் வேலை, இதை விற்றுவிடுவதுதான்" என்றார். பின் ஸீட்டில் அத்தையின் முகம் வாடிவிட்டது.

"அவர் இருந்தால் ஈரத்துணி போடுவார்" என்றார் அத்தை, மெதுவாக.

விஷயம் நம் சமையலறை விஷயம்தான். அடுப்பை அணைத்த பிறகும் கனமான பாத்திரத்தில் பால் பொங்கிவிடுகிறதல்லவா? ஓடும்போது விசிறியும் தண்ணீரும் எஞ்சினை ஆற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் அவை நின்றுவிடும்; இரும்பின் சூடு நிற்காது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கம் வேறு. பெட்ரோலின் ஒரு பகுதி 40 டிகிரி சுமாரிலேயே ஆவியாகத் தொடங்கும். 2,000, 3,000 அடி உயரமுள்ள மலையில் இன்னும் சீக்கிரம். பம்புக்குள் ஆவி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் எப்படி வரும்?

முதலில் மோந்து பாருங்கள். பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தால், உள்ளே அதிகமாகக் கொட்டிவிட்டது என்று அர்த்தம். சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை ஒரே அமுக்காக அடிவரை அமுக்கியபடி கிளப்பவேண்டும். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் கொட்டும். நெடியே இல்லையென்றால் ஆவிதான் குற்றவாளி. இரண்டும் இல்லையென்றால் காயில் சூடேறிச் சோர்ந்திருக்கலாம். அதுவும் ஆறினால் சரியாகும். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியையும் தொடக் கூடாது.

எங்கள் வண்டியில் நெடி இல்லை. முன்பாகம் முழுவதையும் முதலை வாய்போலத் திறந்து வைத்தோம். சின்னவன் துண்டைக் கூஜாத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றினேன். இருபது நிமிஷம் யாரும் சாவியைத் தொடவில்லை. அதுதான் கஷ்டமான வைத்தியம். பிறகு பம்பின் அடியிலுள்ள சின்னக் கைப்பிடியை அத்தை சொன்னபடி பத்துத் தடவை அசைத்தேன். இரண்டாம் திருப்பிலேயே கிளம்பியது.

கள்ளக்குறிச்சி திரும்பியதும் மெக்கானிக் பெட்ரோல் ரப்பர் குழாய்களை மாற்றச் சொன்னார். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எதனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாதாம். இவர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தை அந்தத் துண்டைத் துவைத்துக் காரிலேயே மடித்து வைத்துவிட்டார்.