நான்காம் வாரத்திற்கான உணவு



மினசோட்டாவின் சபைகளில் துக்க வீட்டிற்குக் கேசரோல் கொண்டுசெல்வது நெடுநாளைய வழக்கம். இவ்வூரார் அதனை ஹாட்டிஷ் என்பார்கள். (நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தி ஆறாமல் வைக்கும் டப்பா, இங்கே அது ஓவனில் சுடும் உணவின் பெயர்.) இறைச்சி, காய்கறி, கெட்டியான சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் என ஒரே தட்டில் அடுக்கிச் சுட்டால் பத்துப் பேர் உண்ணலாம். நம் சபையாரும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறீர்கள். அது நன்று. ஆயினும் நாம் அதைச் செய்யும் காலம் தவறு என்றே எண்ணுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் மனைவியை இழந்த சகோதரர் ஒருவரின் வீட்டிற்கு, அடக்க ஆராதனை முடிந்த மூன்றாம் நாள் சென்றேன். சமையலறை மேடையில் பதினொரு தட்டுகள் இருந்தன. வீட்டில் இருந்தவரோ அவர் ஒருவரே. பெரும்பகுதி குப்பைக்குச் சென்றது. என் வீட்டிலிருந்து சென்றதும் அதில் ஒன்று. நான்காம் வாரம் மறுபடியும் சென்றபோது, அவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்து உண்டுகொண்டிருந்தார். அதுவே அன்றைய இரவு உணவு. கழுவிய கண்ணாடித் தட்டுகள் மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. எது எவருடையது என்று தெரியாததால் திருப்பித் தரவில்லையே என்று என்னிடம் வருந்தினார்.

ஆகையால், உறையவைத்துப் பிந்திக் கொடுங்கள் என்கிறேன். “அது பழையதைக் கொடுப்பதாகாதா, ஐயா?” என்று தாயார் ஒருவர் கேட்டார். அவர் தயக்கம் எனக்குப் புரிகிறது. விருந்தினருக்குப் பழையது வைக்காத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். விடியும்வரை வைத்த மன்னா பூச்சி பிடித்ததையும் அறிவோம். ஆனால் ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளில் எடுத்துவைத்த மன்னா கெடவில்லை என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது.

பத்துப் பேருக்கான ஒரே தட்டு தனித்திருப்பவருக்குச் சுமை. அதே அளவை இருவருக்குப் போதுமான சிறு அலுமினியத் தட்டுகளாகப் பிரியுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, நன்றாகக் குளிர்ந்தபின் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். பாஸ்தாவாயின் முழுதும் வேகுமுன்னே இறக்கிவிடுங்கள். பின்னர் சுடும்போது குழைந்துவிடும். 0 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உறைந்திருக்கும் உணவு கெடாது. எனினும் மூன்று மாதத்திற்குள் உண்டால் சுவை குன்றாது. உண்பதற்கு முந்தின நாளே குளிர்பெட்டிக்கு மாற்றி உருகவிட்டு, நடுப்பகுதி 165 டிகிரி எட்டும்வரை சூடாக்க வேண்டும். உறைந்த கண்ணாடித் தட்டை நேரே சூடான ஓவனில் வைத்தால் அது வெடிக்கக்கூடும். அலுமினியத்தை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் மூடியின்மேல் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். துக்கத்தில் இருப்பவரை உங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வைக்காதீர்கள். தட்டைத் திருப்பித் தரவேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொண்டுசென்றால் சற்று அமர்ந்து பேசிவிட்டு வாருங்கள். நான்காம் வாரத்தில் அவ்வீட்டிற்கு வருவோர் வெகு சிலரே.

அச்சகோதரரிடமிருந்து நான் வாங்கி வந்த கண்ணாடித் தட்டுகளில் நான்கு இன்னும் சபை அலுவலக மேசையில் இருக்கின்றன. நீலப் பூப்போட்டது ஒன்று, மூடியில்லாதவை மூன்று. உங்களுடையவையாயின் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.