காலடியில் கிடக்கும் ஊர்

பாரிசு நகரின் நிலத்தடியில் எலும்புகள் அடுக்கப்பட்ட சுரங்கங்களையும், உரோம் நகரில் மண்ணுக்கடியே செல்லும் ஈமக் குடைவழிகளையும் பொருள் செலவிட்டுக் கண்டு வந்து வியந்து பேசும் தமிழர் இன்று பலர். காண்பது குற்றமன்று, காணும் கண் வளர்வது நன்றே. ஆயின், அக்கண் சென்னையில் வந்திறங்கியவுடன் ஏன் மூடிக்கொள்கின்றது?

அவர்கள் வந்திறங்கும் வானூர்தி நிலையத்தை அடுத்தே பல்லாவரம் உள்ளது. தொடர்வண்டியில் நாள்தோறும் அவ்வூரைக் கடப்போர் பல்லாயிரவர். பல்லவபுரம் என்பதே அவ்வாறு சிதைந்ததென அறிந்தோர் அவருள் எத்துணைப் பேர்? 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நில ஆய்வுத் துறையினராகிய இராபர்ட்டு புரூசு பூட் என்பார், அங்குச் சரளை தோண்டிய குழியொன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய நிலப்பரப்பில் பழைய கற்கால மாந்தன் வாழ்ந்தமைக்கு முதற்சான்றாகக் கருதப்படுவது அக்கல்லே. அதே ஆண்டில் அவரும் அவர்தம் தோழரும் கண்ட அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகள், ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பல்லாவரத்துக் குன்றிலோ மகேந்திரவருமன் 7-ஆம் நூற்றாண்டிற் குடைந்த குடைவரையும், அதில் அவன் பட்டப்பெயர்களும் உள்ளன. இன்று அஃது இசுலாமியர் வழிபடும் இடம். ஒரு நெறியினர் குடைந்த கல்லில் மற்றொரு நெறியினர் விளக்கேற்றும் இக்காட்சியைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை.

நகரின் நடுவே இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றுக் கல்வெட்டு இன்னும் அரியது. 1818-இல் சென்னையிற் குடிநீர்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது, எல்லிசு என்னும் ஆங்கில அலுவலர் 27 கிணறுகள் தோண்டுவித்தார். அவற்றுள் ஒன்றில், திருவள்ளுவரைப் போற்றி, நீர்வளம் பற்றிய குறளைச் சான்று காட்டித் தமிழிலேயே கல்வெட்டும் பொறித்தார். தென்மொழிகள் வடமொழியினின்று பிறவாத தனிக்குடும்பம் என 1816-இலேயே எழுதியவரும் அவரே. கால்டுவெலாரின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததோ 1856-இல்! கிணறு வெட்டிய அயலான் தமிழிற் கல் பொறித்தான்; அக்கல்லைப் படித்தறியாத தமிழனோ, அவ்வழியே ஆங்கிலப் பலகைகளை எழுத்துக்கூட்டிச் செல்கின்றான்.

சில இடங்களைப் பெயரே மறைத்துவிடுகின்றது. உயர்நீதிமன்றத்திற்கு அணித்தாய் 'அரண்மனைக்காரன் தெரு' என ஒன்றுண்டு. அங்கு அரண்மனையும் இல்லை; அரண்மனைக்காரனும் இல்லை. ஆர்மேனியன் என்னும் சொல் தமிழர் நாவிற் புரண்டு அவ்வாறாயிற்று. அயற்சொல்லைத் தன்வயமாக்கும் ஆற்றல் கல்லாத மக்கள் வாய்க்கு இருந்தது. கற்றோர் வாய்க்குத்தான் இல்லை. அத்தெருவின் கிறித்தவக் கோயில் வளாகத்தில் ஆர்மேனியப் பாதிரியார் ஒருவரின் கல்லறை உள்ளது. உலகின் முதல் ஆர்மேனிய இதழாகிய 'அசுதரா'ரை 1794-இல் இச்சென்னையில் அச்சிட்டவர் அவர். தாய்நிலம் இழந்து கடல் கடந்து வந்த ஒரு சிறுகூட்டம், வந்த இடத்தில் தன் மொழிக்கு அச்சுக்கூடம் அமைத்ததை எண்ணுக! அத்தெருவின் பெயரை மாற்ற வேண்டா. அப்பெயர் வந்த கதையைச் சொல்லும் தமிழ்ப் பலகையொன்று நட்டால் போதும்.

இவையெல்லாம் காத்திருக்கும் என எண்ணுதல் தவறு. திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின்மேற் சுண்ணம் பூசுகின்றனர். தளக்கல் பதித்து எழுத்தைப் புதைக்கின்றனர். மணலை விசையொடு பீய்ச்சிக் கல்லைத் துலக்கும் முறையால் பல ஊர்க் கோயில்களில் ஆயிரம் ஆண்டெழுத்துத் தேய்ந்தது. படையெடுப்பில் தப்பியது பளபளப்பிற்குப் பலியாகின்றது. இதனைத் தடுக்க அரசாணை மட்டும் போதாது. எந்தச் சுவரில் எது உள்ளதென அறிந்த நாலு பேர் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சென்று, கல்லில் உள்ள ஓரெழுத்தையேனும் தடவிப் படிக்கச் செய்யும் பெற்றோரே அந்நாலு பேரை உருவாக்க வல்லவர்.

திருவல்லிக்கேணிக் கோயிலில் தொடங்கலாம். அங்குத் தந்திவருமப் பல்லவன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று, 9-ஆம் நூற்றாண்டினது, உள்ளது. கோயில் நிலத்தைப் பொறுப்பாளர் ஒற்றி வைத்துவிட, படையலுக்குரிய அரிசி குறைந்ததையும், ஒருவர் முன்வந்து அந்நிலத்தை மீட்டுக் கொடுத்ததையும் அக்கல் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றது.