ராஜராஜனுக்கு வெல்வெட் தைத்தது யார்?

பள்ளி ஆண்டு விழா. பையன் ராஜராஜ சோழன். வாடகைக் கடையிலிருந்து மூட்டை வருகிறது. சிவப்பு வெல்வெட் கோட்டு, ஜரிகை லேஸ், முதுகில் முடிச்சுப் போட நாடா, அட்டைக் கிரீடம். பையன் வியர்த்துக் கொட்டி வசனம் பேச, நீங்கள் கை தட்டுகிறீர்கள்.

ஒன்று கேட்கலாமா? தஞ்சாவூர் வெயிலில் எந்த ராஜா ஐயா வெல்வெட் கோட்டுப் போட்டான்?

சாட்சி இல்லாமல் பேசவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்ததை 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி உலகத்துக்குச் சொன்னார். அதில் ஆண்கள் பெரும்பாலும் வெற்று மார்பு. இடுப்பில் துணி, உடம்பில் நகை. வெல்வெட்டைக் காணோம்!

பிறகு அது எங்கிருந்து வந்தது? நாடகக் கம்பெனி மேடையிலிருந்து. அங்கிருந்து சினிமாவுக்கு, சினிமாவிலிருந்து வாடகைக் கடைக்கு. சினிமாவுக்குப் பகட்டு வேண்டும், போகட்டும். நமக்கு என்ன வந்தது?

இதே வியாதி ஐரோப்பாவிலும் இருந்தது. வைக்கிங் என்றாலே கொம்பு வைத்த ஹெல்மெட். அதைப் பிரபலமாக்கியது 1876-ல் வாக்னரின் இசை நாடகத்துக்கு டோப்லர் என்பவர் வரைந்த உடைகள். மண்ணைத் தோண்டியதில் வைக்கிங் காலத்துக் கொம்பு ஹெல்மெட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அங்கே ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊசியை எடுத்தார்கள். டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் 11-ம் நூற்றாண்டு லினன் சட்டை ஒன்று கிடைத்தது. நம்ம பெரிய கோயில் கட்டி முடித்த அதே நூற்றாண்டு! அதன் மேல்பகுதியில் இரட்டைத் துணி வைத்து ஓட்டுத் தையல் போட்டிருப்பதைப் பார்த்து, அதே மாதிரி கையால் தைக்கிறார்கள். மிஷின் தையல் வெளியே தெரியக் கூடாது என்று விதி வைத்திருக்கும் குழுக்கள்கூட உண்டு. மோஸ்கார்ட் என்ற இடத்தில் 1977-லிருந்து நடக்கும் வைக்கிங் திருவிழாவுக்கு அப்படித் தைத்த உடையோடு வருகிறார்கள்.

'வேலையத்த பசங்க' என்று சிரிக்காதீர்கள். 'என் பாட்டன் என்ன உடுத்தினான், எப்படித் தைத்தான்?' என்று அவன் விரலில் ஊசி குத்திக்கொண்டு தேடுகிறான். நாமோ 'ஆண்ட பரம்பரை' என்று பேனர் வைத்துவிட்டு, பாட்டனுக்கு வெள்ளைக்காரன் காலத்து ஜமீன்தார் கோட்டை மாட்டுகிறோம். ஏன்? வெற்று மார்போடு நின்றால் ராஜாவாகத் தெரிய மாட்டான் என்ற கூச்சம். பாட்டனைப் பார்த்தே கூச்சப்படுகிறவனுக்குப் பெருமை என்ன வேண்டிக்கிடக்கு?

'நம்முடையது தைக்காத துணிங்க, இதில் தைக்க என்ன இருக்கு?' என்பீர்கள். சிலப்பதிகாரத்தில் தையல்காரருக்குத் துன்னகாரர் என்று பெயரே இருக்கிறது. முல்லைப்பாட்டில் யவனக் காவலர் மெய்ப்பை அணிந்து வருகிறார்கள். யார், எதை, எப்படித் தைத்தார்கள்? தேட வேண்டியது நாம்தானே?

இதைத் திருப்பூரை அடுத்த மங்கலத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் விசைத்தறிச் சத்தம், ஒரு பக்கம் பனியன் கம்பெனி. உலகத்துக்கே உடை தைக்கிற வட்டாரம். ஆனால் ஓவர்லாக்குக்கு ஒருவர், பேட்லாக்குக்கு ஒருவர், பிசிறு வெட்ட ஒருவர். ஒரு சட்டையை முதல் தையலிலிருந்து கடைசி முடிச்சு வரை கையால் தைக்கச் சொன்னால் எத்தனை பேர் முன்வருவார்கள்? அவர்களைக் குறை சொல்லவில்லை. பீஸ் ரேட் கணக்கில் அதைக் கேட்டவர் யாருமில்லை.

மங்கலத்தைத் தாண்டி ஓடும் அதே நொய்யல் கரையில்தான் கொடுமணல். 2,000 வருஷத்துக்கு முந்தைய அந்த ஊரைத் தோண்டியபோது நூல் நூற்கும் தக்களி கிடைத்தது. பக்கத்திலேயே சென்னிமலையில் கைத்தறி இருக்கிறது. கையால் காஜா எடுக்கத் தெரிந்த பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

ஃபேஷன் படிக்கும் பிள்ளைகளே, தஞ்சை ஓவியத்தைப் பார்த்து ஒரே ஒரு உடை செய்யுங்கள். கை நூல், கைத்தறி, தையல் தேவைப்பட்டால் கைத்தையல். ஐப்பசி சதய விழாவில் அதை வையுங்கள். தப்பிருந்தால் அறிஞர்கள் திருத்தட்டும்.

ராஜராஜன் கட்டிய கோயிலை அளந்து பார்த்து வியக்கிறோம். அவன் இடுப்பில் கட்டிய துணிக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்!