தொப்பைக்கு ஒரு மாத்திரை

போன மாதம் காலேஜ் நண்பனைப் பார்க்க அவன் ஆபீஸுக்குப் போயிருந்தேன். மூணாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல் ரிப்பேர். முதலில் என் தொப்பை போய்ச் சேர்ந்தது. அப்புறம் நான். கடைசியாக என் மூச்சு!

"என்னடா இப்படி இரைக்குது?" என்றவன், டிராயரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். "தினம் ஒண்ணு போடு. பசியே எடுக்காது. மூணே மாசம்... ஆள் ஸ்லிம்!"

டப்பாவில் லேபிளே இல்லை.

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வரவைக் காட்டினால் செலவு எங்கே என்று தேடுவான். வீட்டுக்கு வந்து தேடினேன். கிடைத்தது... ஸ்விட்சர்லாந்தில்!

1965-ல் அங்கே 'அமினோரெக்ஸ்' என்றொரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஆம்ஃபெடமினுக்குப் பங்காளி. பசியை அடக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியாவிலும் வாங்கி விழுங்கினார்கள். கொஞ்ச நாளில், டாக்டர்கள் எப்போதாவது பார்க்கும் ஒரு வியாதி ஆஸ்பத்திரிகளில் மளமளவென்று பெருகியது. நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துக் குறுகிவிடும். அதற்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் மல்லுக்கட்டும். ஒரு நாள் களைத்துப்போகும். நிறையப் பேர் செத்துப்போனார்கள். 1968-ல் மருந்தை வாபஸ் வாங்கினார்கள்.

புத்தி வந்ததா? அடுத்து மாட்டியது ஃபென்ஃப்ளூரமின். இந்த வகைப் பசி மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் அதே வியாதி வரும் வாய்ப்பு 20 மடங்குக்கும் அதிகம் என்றது 1996-ல் வந்த ஆய்வு. இதய வால்வும் கெடுகிறது என்று தெரிந்ததும், 1997-ல் அமெரிக்காவில் அதற்கும் டாட்டா.

இதில் பெரிய விஷமம் எது தெரியுமா சார்? இந்த வியாதியின் முதல் அறிகுறியே படியேறினால் மூச்சு வாங்குவதுதான். 'எல்லாம் தொப்பையால் வந்தது' என்று நினைத்து ஆசாமி இன்னொரு மாத்திரை போடுவார்!

எனக்குச் சுரீரென்றது. அன்றைக்கு நண்பன் டீ குடிக்கக் கீழே வரவில்லை. 'மேலே வரவழைச்சுக்கலாம்டா' என்றானே! போன் போட்டேன்.

"நீ எத்தனை நாளா சாப்பிடறே?"

"நாலு மாசம்..."

"படியேறினா?"

பதில் வரவில்லை.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனேன். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குப் பயமில்லை. ஆனா மூச்சு வாங்கறது தொடர்ந்தா உடனே வரணும்" என்றவர், டப்பாவைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டில் கதையைச் சொன்னேன். மனைவி அசரவில்லை.

"மாத்திரையை வேணாம்னது சரி. ராத்திரி அஞ்சாவது தோசையை எப்ப வேணாம்பீங்க?"