அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஒரு மதுரை வெர்ஷன்

"மாப்ள, அமெரிக்கன் ஃபுட்பாலையும் சடுகுடுவையும் கலந்து புதுசா ஒரு ஆட்டம் கண்டுபிடிச்சிருக்கேன்டா" என்று நண்பன் ஒருவன் நோட்டோடு வந்து நின்றான். பிரித்துப் பார்த்தால் 34 விதிகள்! செமஸ்டருக்குக்கூட அவன் இவ்வளவு எழுதி நான் பார்த்ததில்லை.

சரி, ஆடித்தான் பார்ப்போமே என்று மேலூர் பக்கம் அறுப்பு முடிந்த வயல் ஒன்றில் இறங்கினோம். பக்கத்துக்கு ஏழு பேர். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பந்தை வாங்கியவன் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். மேலே ஆறு பேர். எழுந்தால் மறுபடியும் அதே கதை. முன்னேறவும் மாட்டான், பந்தைக் கொடுக்கவும் மாட்டான். எதிரணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. போதாக்குறைக்கு வயலில் நின்ற தாள் குத்தி, ஆளாளுக்கு முழங்கையில் கோடு கோடாகக் கீறல்.

வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து தேடினால், இதே கூத்து அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது! 1881-ல் யேல், பிரின்ஸ்டன் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் மேட்ச். ஒரு பாதி முழுக்க ஒரு அணி பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அடுத்த பாதி முழுக்க இன்னொரு அணி. முடிவு 0-0. பார்க்க வந்தவர்கள் கடுப்பானார்கள். வால்டர் கேம்ப் என்பவர் முன்னின்று 1882-ல் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார்: மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேறு, இல்லையென்றால் பந்தைக் கொடு. அதுதான் 'டவுன்'. 1906-ல் அது 10 கஜம் ஆனது, 1912-ல் நாலு முயற்சி ஆனது. ரக்பியிலிருந்து அமெரிக்கன் ஃபுட்பால் பிரிந்து தனி ஆட்டமாக நின்றதற்கு ஹெல்மெட்டை விட இந்த டவுன்தான் முக்கியக் காரணம்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நம்ம கபடியிலும் இதே வியாதி, இதே மருந்து! உள்ளே போய், கோட்டைத் தொட்டு, சும்மா திரும்பி வருகிற வெத்து ரெய்டுகள் இருக்கிறதே, அது பந்தைக் கட்டிக்கொண்டு படுப்பதற்குச் சமம். 2014-ல் ஆரம்பித்த புரோ கபடி லீக் என்ன செய்தது? தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறும் கையோடு வந்தால், மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆள் அவுட். 'டூ ஆர் டை' ரெய்டு. வால்டர் கேம்ப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆகவே மக்களே, என் கருத்து இதுதான். இரண்டு ஆட்டத்தை மிக்ஸியில் போட்டு அடித்தால் புது ஆட்டம் வராது. ஆட்டம் எங்கே சிக்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரே ஒரு விதியைப் போடவேண்டும்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. வாடிவாசல் வழியாக மாட்டை விட்டால் ஜல்லிக்கட்டு. வாடிவாசலே இல்லாமல் திறந்தவெளியில் அவிழ்த்துவிட்டால் வேலி விரட்டு. நீளமான கயிற்றில் கட்டி, ஒரு சின்னக் குழுவை நேரம் குறித்து இறக்கினால் வடம் மஞ்சுவிரட்டு. அதே மாடு, அதே மனுஷன். ஒரு கயிறுதான் வித்தியாசம், ஆனால் ஆட்டமே வேறு.

அப்படியே தூக்கி வந்து நட்டாலும் பிடிக்காது. எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று 2011-ல் அறிவித்தார்கள். கர்ட் வார்னர், மைக் டிட்கா மாதிரி பெரிய தலைகள் பின்னால் நின்றார்கள். 2012-ல் ஹெல்மெட், தோள்கவசம் சகிதம் ஆடியும் காட்டினார்கள். ஆனால் தெருவில் ஒரு பையன்கூட ஆடவில்லையே! அவ்வளவு கவசம் வாங்க யாரிடம் காசு இருக்கிறது? அமெரிக்காக்காரர்களே மோதல் இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆள் காலி. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில்தான் அதை 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவானது.

இதையெல்லாம் வைத்து நாங்கள் 34 விதியை நாலாக்கினோம்:

1. இடுப்பில் ஆளுக்கொரு துண்டு. துண்டை உருவினால் போதும், ஆளைச் சாய்க்கக்கூடாது. (முழங்கைகள் நன்றி சொல்கின்றன.)

2. பந்து கையில் இருப்பவன் விடாமல் பாடவேண்டும். மூச்சு விட்டாலோ துண்டு போனாலோ பந்து அங்கேயே செத்தது.

3. பந்தை வீசலாம். பிடிப்பவன் அந்த நொடியே பாட்டை எடுக்கவேண்டும்.

4. நாலு மூச்சுக்குள் எல்லைக்கோடு. இல்லையென்றால் பந்து எதிரணிக்கு.

அதாவது, எங்கள் ஆட்டத்தில் ஒரு டவுன் என்பது ஒரு மூச்சு.

இந்த இரண்டாவது விதிக்குத்தான் பெரிய சண்டை. "மூச்சு விட்டானா இல்லையான்னு எவன்டா பார்ப்பான்? 30 செகண்ட் வச்சிருவோம்" என்றான் நோட்டுக்காரன். நியாயமான கேள்விதான். ஸ்டேடியம் முழுக்கக் கத்தும்போது நடுவருக்குப் பாட்டு எங்கே கேட்கும்? இன்றைக்கும் கபடி விதியில் பாட்டு இருக்கிறது. ஆனால் புரோ கபடியில் ஆளைத் திருப்பி அனுப்புவது 30 விநாடிக் கடிகாரம்தான். டிவிக்கு அது சரி. ஒரே நேரத்துக்குள் மேட்ச் முடியவேண்டும், விளம்பரம் போடவேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவு இருக்கவேண்டும்.

ஆனால் நாங்கள் டிவிக்கு ஆடவில்லையே. சடுகுடுவின் உயிரே மூச்சு. எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வெளியே நிற்கிற கடிகாரம் சொல்லாது, உன் நெஞ்சுக்கூடு சொல்லும். பேராசைப்பட்டு இன்னும் ரெண்டு அடி போனால், திரும்பி வர மூச்சு இருக்காது. 'கில்லி'யில் விஜய் கபடி ஆட வந்து இறங்கிய ஊர்க்காரனாகச் சொல்கிறேன், அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் மல்லுக்கட்டுதான். மூச்சு விட்டானா என்று சண்டை வரும், வரட்டும். ஏழும் ஏழும் பதினாலு பேரும் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வதும் ஆட்டம்தான். மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. எதை மாற்றினால் ஆட்டம் ஓடும், எதை எடுத்தால் ஆட்டம் சாகும் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புது விதியில் ஆடினோம். ஒன்றரை மணி நேரம் ஓடியது. நாலாவது மூச்சில் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் ஒருத்தனுக்குப் பாட்டு நின்றது. நின்றதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை.

டிஸ்கி: ஆட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. நல்லதாக இருந்தால் சொல்லுங்கள். துண்டு நீங்களே கொண்டு வரவேண்டும் :-)