ஏரியும் பாடசாலையும்

நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாஷையைக் கற்பிப்பது, எந்தப் புஸ்தகத்தைப் பாடமாக வைப்பது என்னும் வாதம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. கண்முன் நிற்கும் ஒரு பொருளை நாற்புறமும் நோக்கி, அது எதனோடு எவ்வாறு பிணைந்திருக்கிறது என்று அறியும் பழக்கத்தை அவர்களுக்கு அளிப்பது யார் என்று கேட்பாரையோ காணோம். இக்குறையின் தீங்கு பாடசாலையோடு நிற்பதன்று. தேசத்தையே தொடருவது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

ஏரியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. "நீர் தேங்கி நிற்கும் இடம் ஏரி" என்று மனனம் செய்த மாணவன் பரீட்சையில் தேறிவிடுகிறான். ஆனால், வரத்துக்கால் வழியே வந்த மழைநீர் மதகு வழியே வயலுக்குப் பாய்வதையும், மிஞ்சியது கலிங்கல் வழியே அடுத்த ஊர் ஏரியைச் சென்றடைவதையும் அவன் அறியான். ஓர் ஊரார் கால்வாயைத் தூர்த்தால், அதற்குக் கீழுள்ள ஊராரின் கிணறு வற்றும் என்பதையும் அறியான்.

இவனே பின்னர் உத்தியோகஸ்தனாகிறான், பஞ்சாயத்து அங்கத்தினனாகிறான். சென்னையில் வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதி குடியிருப்பாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேடும் மனையுமாகச் சுருங்கிற்று. 2015 டிசம்பரில் அந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டு, அதே நகரத்து ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றனர். மழையின் மிகுதியும் குறைவும் இதற்குக் காரணமே எனினும், நீரின் வழியை மறித்தது மனிதன் செயலன்றோ? அதற்கு அனுமதி எழுதியவர்கள் எழுத்தறியாதவர்களல்லர்.

இதற்குப் பரிகாரம் அதிகச் செலவுடையதன்று. பாடசாலை முற்றத்துச் சரிவில் பிள்ளைகள் களிமண்ணால் மூன்று ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைக்கட்டும். மேலிருந்து ஒரு குடம் நீர் வார்த்து, நடுவில் ஒரு கால்வாயை அடைத்து, விளைவதைப் பார்க்கட்டும். பிறகு அதையே நாடகமாக நடிக்கட்டும். ஒருவன் தலைமடை விவசாயி. ஒருத்தி கடைமடை விவசாயி. மற்றவர் மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், நீர்க்கட்டி, ஏன், கொக்காகவுங்கூட இருக்கட்டும். ஒரு நாழிகை சென்றபின் வேஷங்களை மாற்ற வேண்டும். தலைமடையில் நின்று "எனக்கே முதல் நீர்" என்று வழக்காடிய சிறுவன், கடைமடையில் வெறும் வாய்க்காலைப் பார்த்து நிற்கும்போது பெறும் அறிவைப் பத்துப் பக்கப் பாடமும் தராது.

"விளையாட்டினால் பரீட்சை தேறுமா?" என்று பெற்றோர் கேட்பர். மகாத்மா காந்தி 1937-இல் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாகக் கொண்டு ஏனைய பாடங்களைக் கற்பிக்கும் முறையை விளையாட்டென்று கருதவில்லை. ஜாகிர் ஹுஸேன் தலைமையில் அமைந்த கமிட்டி அதற்குத் திட்டம் வகுத்தது. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. நூற்கும் பிள்ளை நூலின் வழியே பருத்தியையும், மண்ணையும், கணக்கையும், வாணிபச் சரித்திரத்தையும் அறியலாம் என்பதே அதன் கருத்து. குடிசையின் வறுமையையும் லங்காஷயர் ஆலையையும் ஒரே நூலில் பிணைத்துக் கண்ட பார்வையன்றோ கதர் இயக்கத்தை வளர்த்தது!

செய்து கற்றல் நம் பாடசாலைகளுக்குப் புதிதன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆயினும் அட்டைகளை முடிப்பதே நோக்கமாகிவிடின், கை உழைக்கும், கண் திறவாது.

ஆகவே, வாரத்தில் ஒரு மணி நேரத்தை உள்ளூர் ஏரிக்கோ, ஆற்றுக்கோ, சந்தைக்கோ ஒவ்வொரு பாடசாலையும் ஒதுக்க வேண்டும். அந்நேரத்தில் உபாத்தியாயரைப் பிற அலுவல்களுக்கு இழுக்கலாகாது. பிள்ளைகள் வரைந்த நீர்வழிப் படத்தைக் கிராம சபையில் வைத்து, அடைபட்ட கால்வாய் எது என்று அவர்களையே சொல்லச் செய்ய வேண்டும். தேசத் தொண்டில் நாட்டமுள்ள அன்பர்கள் தத்தம் ஊரில் இதை வற்புறுத்துவார்களாக. பிறன் நின்ற இடத்தில் நின்று பார்க்கத் தெரியாத ஜனங்களின் கையில் சுயராஜ்யம் முழுப்பயன் தராது.