பெர்மிட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து

பொறியியல் முடித்து வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு பெரம்பலூரிலும் அரியலூரிலும் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நேரத்துக்குப் போ, சுத்தமாக உடுத்து, மேலதிகாரியிடம் மறுபேச்சுப் பேசாதே. முதல் இரண்டும் சரி. மூன்றாவதோடுதான் எங்களுக்குச் சண்டை.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் டிரெய்னியாகச் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். சில மாதங்களில் வொர்க் பெர்மிட் தாள் உங்கள் கைக்கு வந்துவிடும். தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கப்போகிறவர் ஒப்பந்தத் தொழிலாளி; நம் தெருக்காரராகவும் இருக்கலாம். விஷவாயு சோதித்தாயிற்றா என்ற கட்டத்தில் சும்மா டிக் அடிக்கச் சொல்வார்கள். "எப்பவும் இப்படித்தான் தம்பி" என்பார்கள்.

எப்பவும் அப்படி இல்லை. 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே இருந்தது: தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குகிறவருக்குச் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். செப்டிக் டேங்க் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணம் பிணத்துக்குப் பிறகு வருவது.

கல்விக் கடன் இருக்கிறது, புரொபேஷன் முடியவில்லை. எங்களுக்கும் தெரியும். அதனால் கத்தச் சொல்லவில்லை. வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே மெயிலில் போடுங்கள்: "சார், நீங்கள் சொன்ன வேலைக்கு வாயு சோதனை முடிந்ததும் கையெழுத்திடுகிறேன்." அவ்வளவுதான். மரியாதை குறையவில்லை, தேதி பதிவாகிவிட்டது.

சாதியைக் கிளறினாலும் இதே வழிதான். "எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி அமெரிக்கா வரை போகிறது. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் 2016இல் நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். 2020 ஜூனில் கலிஃபோர்னியா அரசே வழக்குப் போட்டது. 2023இல் இரு மேலாளர்கள் மீதான பகுதியை அரசு கைவிட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கை விடவில்லை. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவர் புகாரே கொடுக்காமல் இருந்திருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

சேர்ந்த முதல் வாரமே கேஸ் மீட்டர் எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள். இயக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.